கண்ணில் கோளாறு இல்லை என்கிறார்கள், ஆனால் பார்வை மட்டும் இல்லை

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தங்கைக்கு 26 வயது. ஒரு நாள் காலையில் இடது கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே வலித்தது. மூன்றாம் நாள் அந்தக் கண்ணின் நடுவில் புகை படிந்தது போல ஆகிவிட்டது. முதலில் பார்த்த கண் மருத்துவர் டார்ச் அடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து வேறொருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ஆப்டிக் நியூரிட்டிஸ் என்று வந்தது. இப்போது நரம்பியல் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார், "எம்.எஸ். ஆக இருக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார் (மூளை, தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோய், பின்னால் விளக்குகிறேன்). முதல் மருத்துவர் தவறு செய்தாரா, பார்வை திரும்புமா, அடுப்படியில் நின்றால் ஏன் இன்னும் மங்குகிறது, வரன் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி நான்காக இருந்தாலும், நீங்கள் உண்மையில் பயப்படுவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இது இந்த ஒரு கண்ணோடு நிற்குமா, இல்லை இன்னொரு கண், கை, கால் என்று போய்க்கொண்டே இருக்குமா? அதற்குப் பதில், வந்திருக்கும் நோயின் சரியான பெயரில் இருக்கிறது. ஆப்டிக் நியூரிட்டிஸ் என்பது நோயின் பெயர் இல்லை. பார்வை நரம்பில் அழற்சி, அதாவது வீக்கமும் எரிச்சலும், என்று நிலைமையைச் சொல்லும் சொல் அது. ஏன் வந்தது என்பதை அது சொல்வதில்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இதே முகத்தோடு வரும். அவற்றின் போக்கும் வேறு, மருந்தும் வேறு. நான் கண் மருத்துவர். பதினேழு வருடமாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பார்வை நரம்புக் கோளாறு உள்ளவர்கள். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எந்த வழியில் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பார்கள், ஒவ்வொரு பெயருக்கும் என்ன அர்த்தம் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த மருத்துவரைப் பற்றி. பார்வை நரம்பு என்று பெயர் இருந்தாலும் அது கை, கால் நரம்பைப் போன்றதில்லை. மூளையே தன் ஒரு பகுதியைக் கண்வரை நீட்டி வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகள்தான் இதையும் சுற்றியிருக்கின்றன. மூளையின் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்துகிற அதே வகை செல்கள்தான் இதற்கும் போர்த்துகின்றன. அதனால்தான் மூளையைத் தாக்கும் அழற்சி நோய் பல பேருக்கு முதன்முதலில் கண்ணில் தெரிகிறது. இந்த நரம்பின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர், உள்ளே பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள். கருவியை வைத்து நாங்கள் கண்ணுக்குள் பார்க்கும்போது தெரிவது இதன் முனை மட்டும்தான், விழித்திரையில் ஒரு சிறு வட்டமாக. அழற்சி அந்த முனைக்குப் பின்னால் இருந்தால் வட்டம் முதல் சில வாரங்களுக்கு முழுக்க இயல்பாகவே இருக்கும். ஆப்டிக் நியூரிட்டிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். "நோயாளிக்கும் ஒன்றும் தெரிவதில்லை, டாக்டருக்கும் ஒன்றும் தெரிவதில்லை" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஆகவே, கண்ணுக்குள் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பார்வை குறைந்திருக்கும்போது அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாது. அரை நிமிடத்தில் முடிகிற இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சை மாற்றி மாற்றி அடிப்பது. நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்து சுருங்கும். அப்படியே டார்ச்சைக் கெட்ட கண்ணுக்கு நகர்த்தினால், வெளிச்சம் நேராகப் பட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாப்பாவும் மெல்ல விரியும். வெளிச்சம் அதேதான், ஆனால் அந்த நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேரும் சேதி குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதை யாராலும் நடிக்க முடியாது. "சும்மா சொல்கிறாள்" என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு இந்த டார்ச்தான் சாட்சி சொல்லியிருக்கிறது. (சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தபிறகு இதைச் செய்ய முடியாது, அதனால் முதலிலேயே செய்ய வேண்டும்.) இரண்டாவது, சிவப்பு நிறம். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துப் புட்டிக்குச் சிவப்பு மூடிதான் இருக்கும். அதையே கையில் எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிக் காட்டுவேன். ஒருமுறை தையல் வேலை செய்யும் ஒரு அம்மா வந்திருந்தார். வலது கண்ணால் பார்த்தபோது "குங்குமச் சிவப்பு" என்றார். இடது கண்ணால் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போன பாவாடை மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். எழுத்துப் பலகையில் அவர் கடைசிக்கு முந்தின வரிவரை படித்திருந்தார். பார்வை நரம்பு கெட்டால் எழுத்தைவிட நிறம்தான் பல நேரம் முதலில் போகும். அந்த மூடி அவ்வளவு சொல்லும்.

கண்ணைத் திருப்பினால் வலிப்பதும் முக்கியமான தடயம். கண்ணை அசைக்கும் தசைகள் குழியின் ஆழத்தில், பார்வை நரம்பின் உறையை ஒட்டித்தான் தொடங்குகின்றன. நரம்பு வீங்கியிருக்கும்போது தசை இழுத்தால் உறையும் இழுபடும், வலிக்கும். ஆப்டிக் நியூரிட்டிஸில் பத்தில் ஒன்பது பேருக்கு வலி இருக்கும். வலியே இல்லாமல் இரண்டு கண்ணும் மெல்ல மங்கினால் நாங்கள் வேறு பக்கம் யோசிப்போம். டி.பி.க்குச் சாப்பிடும் எத்தாம்பியூட்டால் மாத்திரை, கலப்படச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால், பரம்பரை நரம்புக் கோளாறு, மூளையில் அழுத்தம் கூடுவது என்று அந்தப் பட்டியல் நீளம். உங்கள் தங்கைக்கு வயது, வலி, ஒரு கண், எம்.ஆர்.ஐ. நான்கும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. அழற்சி என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு.

அடுப்படி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் வீட்டில் எல்லோரையும் அதிகம் பயமுறுத்தும். மயலின் உறை உரிந்த இழையில் சேதி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த உரிந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-ல் இதை எழுதிவைத்தார். வேகமாக நடந்த பிறகு நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை அவர் கவனித்திருந்தார். அடுப்படி, வெந்நீர்க் குளியல், காய்ச்சல், மே மாத வெயில், மாடிப்படி ஏறுவது எல்லாவற்றிலும் இது வரும். உடம்பு ஆறினால் பார்வை பழைய நிலைக்கு வந்துவிடும். சூட்டினால் நரம்பு புதிதாகக் கெடுவதில்லை. ஆகவே, அவரைச் சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று தடுக்க வேண்டியதில்லை. மின்விசிறி போட்டு, குளிர்ந்த நீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் போதும். ஆறின பிறகும் ஒரு நாளுக்கு மேல் மங்கல் நீடித்தால் அது சூட்டினால் வந்ததில்லை, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இனி அந்த மூன்று பெயர்கள்.

எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், முதலாவது. உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் மயலினை அங்கங்கே உரிக்கும் நோய். இதில் வரும் ஆப்டிக் நியூரிட்டிஸ் பொதுவாக ஒரு கண்ணில், நரம்பின் ஒரு சிறு பகுதியில் வரும். ஒன்றிரண்டு வாரம் மோசமாகும், பிறகு தானாகவே திரும்பத் தொடங்கும். இதைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவில் பெரும்பகுதி அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 457 பேரைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்விலிருந்து வந்தது. அவர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எழுத்துப் பலகையில் பார்த்தால் ஊசி போட்டவர், போடாதவர் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள். எம்.எஸ். வகை ஆப்டிக் நியூரிட்டிஸுக்கு ஸ்டீராய்டு பார்வையைக் கொண்டுவருவதில்லை, வருகிற பார்வையைச் சீக்கிரம் வரவைக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆய்வில் யாரும் எதிர்பார்க்காத இன்னொன்றும் தெரிந்தது. ஊசி இல்லாமல், உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற சாதாரண அளவில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 30 விழுக்காட்டினருக்கு இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பி வந்தது. வெறும் மாத்திரை (மருந்தில்லாத மாத்திரை) சாப்பிட்டவர்களிடம் அது 16 விழுக்காடு. ஏன் என்று இன்றுவரை திருப்தியான விளக்கம் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு அந்தக் குறைந்த அளவு மாத்திரையை மட்டும் முதல் மருந்தாகக் கொடுப்பதை விட்டுவிட்டோம். இன்னும் சில இடங்களில் "மாத்திரையே போதும்" என்று எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறேன், மனசு கஷ்டப்படுகிறது. மாத்திரை என்பதால் தப்பில்லை, அளவுதான் தப்பு. ஊசிக்கு ஈடான மிக அதிக அளவில் மாத்திரையாகக் கொடுத்தால் ஊசிக்குச் சமமாகவே வேலை செய்கிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் தங்கைக்கு ஊசிதான் போடுகிறார்கள், சரியான வழிதான். தினம் 1 கிராம் மிதைல்பிரெட்னிசலோன் மூன்று முதல் ஐந்து நாள் என்பது வழக்கம். அந்த நாட்களில் தூக்கம் வராது, மனநிலை ஏறி இறங்கும், சர்க்கரை கூடும், வாயில் உலோகச் சுவை வரும். இதெல்லாம் மருந்தின் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாதி ராத்திரியில் எழுந்து அழுதால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடப் போகிறார்.

அந்தப் பதினைந்து வருடக் கணக்கில் எல்லோரும் தேடும் எண் இதுதான்: ஆப்டிக் நியூரிட்டிஸ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு எம்.எஸ். வந்தது. ஆனால் இந்தப் பாதி என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாதவர்களிடம் 25 விழுக்காடு. ஒன்றோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் 72 விழுக்காடு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, பார்வை நரம்பைத் தவிர மூளையில் வேறெங்காவது புள்ளிகள் இருக்கின்றனவா, தண்டுவடத்தையும் எடுத்துப் பார்த்தார்களா என்பது. உங்கள் கேள்வியில் அது இல்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நம் நாட்டில் ஆப்டிக் நியூரிட்டிஸ் வந்து எம்.எஸ். ஆக மாறுகிறவர்கள் அதைவிடக் குறைவு, அடுத்து நான் சொல்லப்போகும் இரண்டு நோய்களின் பங்கு அதிகம். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட்டின் குழு இதைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ந்து எழுதிவருகிறது. அமெரிக்க எண்ணை நம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இரண்டாவது பெயர் என்.எம்.ஓ. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா. பிரான்சின் லியோன் நகரத்தில் 1894-ல் யூஜின் டெவிக் இதை விவரித்தார். நூறு வருடத்துக்கும் மேலாக இதை எம்.எஸ். நோயின் கொடூரமான ஒரு வகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2004-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வண்டா லெனான் குழு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் இருக்கும் ஓர் ஆன்டிபாடியை, அதாவது நோய் எதிர்ப்புப் புரதத்தை, கண்டுபிடித்தது. அது எதைத் தாக்குகிறது என்பது அடுத்த வருடம் தெரிந்தது: அக்குவாபோரின்-4, செல்களுக்குள் தண்ணீர் போய்வரும் வாசல். (செல்லுக்குள் தண்ணீர் போகும் இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் கொடுத்திருந்தார்கள். அந்த வாசல் ஒரு கண் நோயின் திறவுகோல் என்று அடுத்த இரண்டு வருடத்தில் தெரியவந்தது எனக்கு இன்றும் வியப்பு.) இந்த வாசல்கள் பார்வை நரம்பு, தண்டுவடம், மூளைத்தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் இடம் ஆகியவற்றில் நெருக்கமாக இருக்கின்றன. நோயும் அங்கேதான் விழுகிறது. எம்.எஸ். உறையை உரிக்கிறது என்றால், இது உறையையும் இழையையும் தாங்கி நிற்கும் செல்களையே அழிக்கிறது. அதனால்தான் இதில் போன பார்வை அரைகுறையாகத்தான் திரும்புகிறது, சில நேரம் திரும்புவதே இல்லை.

வாந்தி என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். முப்பது வயதுப் பெண், மூன்று வாரம் ஓயாத விக்கல். தூக்கத்திலும் விக்கல், சாப்பிட்டால் வாந்தி. எண்டோஸ்கோப்பி எடுத்து வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். விக்கல் தானாக நின்றது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வலது கண் போனது. என்னிடம் வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, கையை முகத்துக்கு நேரே ஆட்டினால் அசைவு மட்டும் தெரிந்தது. கேட்டுக்கொண்டே வந்ததில், கடைசியாக அவருடைய அம்மாதான் அந்த விக்கலைச் சொன்னார். அக்குவாபோரின் பரிசோதனை பாசிட்டிவ். ஊசி போட்டோம், பலன் போதவில்லை, பிளாஸ்மா மாற்றினோம் (ஆன்டிபாடி கலந்திருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றுவது). அந்தக் கண்ணில் விரல்களை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை வந்தது. ஆனால் உடனே ரிட்டுக்ஸிமாப் என்ற, நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கும் மருந்தைத் தொடங்கியதால் இன்றுவரை இடது கண் 6/6 (எழுத்துப் பலகையில் இயல்பான பார்வை), கால் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகிறார். பன்னிரண்டு நாளில் மூன்றாம் நாளே வந்திருந்தால் வலது கண் இன்னும் மேலே வந்திருக்குமோ என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. என்.எம்.ஓ.வில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

மூன்றாவது நோய்க்கு எம்.ஓ.ஜி. ஆன்டிபாடி நோய் என்று பெயர். மயலின் உறையின் வெளிப்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத் தாக்குவது. குழந்தைகளுக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். பல நேரம் இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கும். நரம்பின் முனை நன்றாக வீங்கியிருக்கும், அதனால் கண்ணுக்குள் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஸ்டீராய்டு போட்டதும் திரை விலக்கியது போல நாட்களில் பார்வை திரும்பும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஆபத்து அங்கேதான். மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலோ வேகமாகக் குறைத்தாலோ சிலருக்கு உடனே திரும்பி வந்துவிடும். இதை உறுதிசெய்யும் சர்வதேச அளவுகோல் 2023-ல்தான் வந்தது. எத்தனை பேருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறையோடு நின்றுவிடும், யாருக்கு நீண்ட கால மருந்து வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முதல் தாக்குதலுக்குப் பிறகு பல பேருக்கு நான் நீண்ட கால மருந்து தொடங்குவதில்லை, இரண்டாவது முறை வந்தால் தொடங்குவேன். வேறொரு மருத்துவர் வேறு மாதிரி செய்தால் அவர் தவறென்று சொல்ல மாட்டேன்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எம்.எஸ்.ஸுக்கு நல்ல மருந்துகளான இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் ஆகியவற்றை என்.எம்.ஓ. உள்ளவருக்குக் கொடுத்தால் நோய் மோசமாகும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆகவே, "எம்.எஸ். ஆக இருக்கலாம்" என்பதிலிருந்து எம்.எஸ். மருந்துக்குப் போவதற்கு முன், அக்குவாபோரின்-4, எம்.ஓ.ஜி. இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் ரத்தம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எந்த முறையில் பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். உயிருள்ள அல்லது பதப்படுத்திய செல்களை வைத்துச் செய்யும் செல் அடிப்படைப் பரிசோதனைதான் நம்பத்தகுந்தது. எலைசா என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை முறையில் பொய்யான பாசிட்டிவ் வரும். எம்.ஓ.ஜி. மிகக் குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்தால் அதையும் எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது, மற்ற அறிகுறிகளோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்மா மாற்றினாலோ ரிட்டுக்ஸிமாப் போட்டாலோ ஆன்டிபாடி அளவு குறைந்துபோகலாம், அதனால் ரத்தத்தை முன்னாலேயே எடுத்துவைப்பது நல்லது. ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதற்காக ஊசியை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

என்.எம்.ஓ. என்று வந்தாலும் கை விரித்துவிட வேண்டாம். நான் படிப்பு முடித்த காலத்தில் அசாதயோபிரினும் ஸ்டீராய்டும்தான் கையில் இருந்தன. இன்று நிலைமை வேறு. எகுலிசுமாப் மருந்தை வைத்து 143 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 3 விழுக்காட்டினருக்குத்தான் நோய் திரும்பியது, எடுக்காதவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. அதன் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் ரிட்டுக்ஸிமாப் நம் நாட்டிலேயே தயாராகிறது, பல குடும்பங்களால் சமாளிக்க முடிகிறது. நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதில்தான் நன்றாக இருக்கிறார்கள். தொடங்குவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி, டி.பி. இரண்டும் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கைக்கு எம்.எஸ். இல்லை, வேறு ஏதோ என்று சந்தேகப்பட வைக்கும் அறிகுறிகளைச் சொல்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கண்ணும் மங்குவது, விரலைக்கூட எண்ண முடியாத அளவுக்குப் பார்வை போவது, மூன்று வாரம் ஆகியும் துளிகூட முன்னேற்றம் இல்லாதது, ஸ்டீராய்டைக் குறைக்கும்போது மறுபடி மங்குவது, விடாத விக்கல் அல்லது வாந்தி, இரண்டு கால்களும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். ஊசி முடிந்தும் பார்வை மிக மோசமாகவே இருந்தால், பிளாஸ்மா மாற்றலாமா என்று நீங்களே கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முதல் ஏழு முறை செய்வார்கள். அதை ஒரு மாதம் தள்ளிப்போட்டுச் செய்வதில் பலன் குறைவு.

பார்வை திரும்புமா? எம்.எஸ். வகை என்றால் பெரும்பாலும் திரும்பும். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, முதல் இரண்டு மாதத்தில் பெரும்பகுதி வந்துவிடும், மிச்சம் ஒரு வருடம்வரை மெல்ல மெல்ல வரும். அந்த அமெரிக்க ஆய்வில் ஒரு வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எழுத்துப் பலகையில் நல்ல நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் எழுத்துப் பலகை முழுப் பார்வையைச் சொல்வதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் படித்துவிடலாம், ஆனால் சாயங்காலம் சாம்பல் நிறத் தெருவில் சாம்பல் நிறப் படிக்கட்டு தெரியாது. சிவப்பு வெளிறியே இருக்கும். இரண்டு கண்ணிலிருந்தும் சேதி மூளைக்கு வேறு வேறு நேரத்தில் போய்ச் சேருவதால் நகரும் பொருளின் தூரம் தப்பாகத் தெரியும். கார்ல் புல்ஃப்ரிக் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1922-ல் இதைப் பற்றி எழுதினார். நேர்கோட்டில் ஆடும் ஊசல் நீள்வட்டத்தில் சுற்றுவது போலத் தோன்றும். (அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, அதனால் தான் விளக்கிய காட்சியை அவரால் பார்க்கவே முடிந்ததில்லை.) நம் ஊரில் இதன் அர்த்தம், ரோட்டைக் கடக்கும்போது எதிரே வரும் பைக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தப்பாகப் படுவது. உங்கள் தங்கை ஸ்கூட்டி ஓட்டுவார் என்றால் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம். பிறகு அவர் "எல்லாம் தெரிகிறது, ஆனால் சரியாக இல்லை" என்று சொன்னால் தயவுசெய்து நம்புங்கள். 6/6 என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாயடைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து ஓ.சி.டி. என்ற ஸ்கேனில் விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து வைத்துக்கொள்ளலாம். வலியில்லாத, ஊசியில்லாத, ஐந்து நிமிடச் சோதனை. அடுத்து எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும்.

உரிந்த மயலினைத் திரும்ப வளர்க்கும் மருந்து இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மாத்திரையை வைத்து 50 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி போகும் நேரம் மில்லிசெகண்ட் கணக்கில் கொஞ்சம் குறைந்தது. அது நம்பிக்கை தரும் தொடக்கம், சிகிச்சை இல்லை. மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கண் நரம்பை வளர்க்கும் என்று விற்கும் லேகியம், வைட்டமின் பாக்கெட், கண் பயிற்சி எதற்கும் இதில் ஆதாரம் இல்லை. எம்.எஸ். உறுதியானால் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2024-ல் திருத்தப்பட்ட அளவுகோலில் பார்வை நரம்பையும் நோய் இருக்கும் இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், அதனால் முன்பைவிடச் சீக்கிரம் உறுதிசெய்ய முடிகிறது. வீல்சேர் என்ற பயம் இந்த மருந்துகள் வருவதற்கு முந்தின காலத்துப் பயம். எல்லோருக்கும் நன்றாகவே போகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் என்னிடம் வருபவர்களில் பள்ளிக்கூட ஆசிரியை, வங்கி ஊழியர், இரண்டு குழந்தைக்குத் தாய் எல்லோரும் இருக்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவராக நான் சொல்லக்கூடியது இவ்வளவு: இந்த மூன்று நோய்களில் எதுவுமே தொற்றாது. எம்.எஸ். உள்ளவர் கர்ப்பமாகலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய் அடங்கியே இருக்கும், பிரசவம் முடிந்த முதல் மூன்று மாதங்களில் கொஞ்சம் தலைதூக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். என்.எம்.ஓ.வில் இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டும், மைக்கோஃபெனோலேட் போன்ற சில மருந்துகள் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் தங்கை எடுக்க வேண்டிய முடிவு. அவருக்குத் தெரியாமல் நீங்களோ அப்பா அம்மாவோ மறைக்கவும் வேண்டாம், முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். எப்படியும் இன்னும் ஆறு மாதத்துக்கு, ரிப்போர்ட் எல்லாம் வந்து மருந்து ஒரு நிலைக்கு வரும்வரை, அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தால் அவருக்குத் தூங்கவாவது முடியும்.

இப்போதைக்கு வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் காலையில், ஒரே ஜன்னலோரத்தில், ஒரே சிவப்புப் பொருளை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கண்ணில் அந்தச் சிவப்பு நூறு ரூபாய் பெறும் என்றால் இடது கண்ணில் எத்தனை ரூபாய் பெறும் என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். தினம் ஒன்றிரண்டு ரூபாய் ஏறினால் போதும், அவசரமில்லை. இறங்கினால், அல்லது மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மூளையில் புள்ளிகள் இருந்தனவா, இரண்டு ஆன்டிபாடி ரிப்போர்ட்டும் என்ன சொல்கின்றன என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அதற்கு மேல் என்ன சொல்ல முடியும் என்று பார்க்கிறேன்.